படிக்காத 43 புத்தகங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வீட்டில் வாங்கியும் படித்து முடிக்காத புத்தகங்கள் 43. பட்டியல் போட்டேன், தினம் 50 பக்கம் என்று விதித்தேன். நான்கே நாள்தான். புதிதாக வாங்குவதை நிறுத்தியும் அடுக்கு குறையவில்லை.

தூசி தட்டும்போதுதான் கவனித்தேன்: அடையாளத்துக்கு வைத்த கடை ரசீதுகள் எல்லாம் 20ஆம் பக்கத்துக்கும் 40ஆம் பக்கத்துக்கும் இடையில். வெக்கையில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. அந்தப் புத்தகங்கள் எல்லாமே இரவு பத்துக்கு மேல், படுத்துக்கொண்டு தொடங்கியவை! தூக்கம்தான் வில்லன்.

சரி என்று ஒன்றை மட்டும் மோட்டார் சைக்கிள் கூடையில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன் (மழைக்கு). மற்றவை பெட்டிக்குள். காலையில் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் வரும்வரை படிப்பு. மூன்று மாதத்தில் ஒன்பது முடிந்தது. அப்பாடா.