கேம் கதையில் அழவைக்கப் பார்த்துச் சொதப்பும் இடங்கள்

முதன்முதலாகக் கதையுள்ள கேம் செய்பவர்களின் டெமோவில் பெரும்பாலும் ஒரு தங்கை இருப்பாள். மூன்றாவது நிமிடத்தில் செத்துப்போவாள். மழை பெய்யும், பியானோ ஒலிக்கும், நாயகன் மண்டியிட்டுக் கதறுவான். விளையாடுபவரோ கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுத்துப்பிழை, நீள வசனம் போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சுட்டிக்காட்டிவிடுவார்கள். கேமை முடித்த பிறகே தெரியவரும் தவறுகள் சில உண்டு, அவை கீழே.

உணர்ச்சி முழுவதையும் கட்சீனில் கொட்டுவது

கட்சீன் என்றால் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சினிமாபோல ஓடும் காட்சி. அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறும் இதுதான். முக அசைவு, குரல், கேமரா, ஒளி எல்லாம் சேர்ந்தால், சிறு குழுவுக்கு இரண்டு நிமிடக் கட்சீனே வாரக்கணக்கில் வேலை வைக்கும். பிளேடெஸ்டில், அதாவது வெளியாட்களை விளையாடவைத்துப் பார்க்கும் சோதனையில், யாரும் கலங்கவில்லை என்றதும் இன்னும் நாலு வசனம், இன்னும் கொஞ்சம் வயலின் என்று அதே காட்சிக்கே மேலும் செலவழிக்கிறார்கள். கோளாறு அந்தக் காட்சியில் இல்லை. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் விளையாடுபவரின் விரல்கள் அந்தப் பாத்திரத்துக்காக ஒன்றுமே செய்திருக்காது.

2013இல் வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' கேமை எடுத்துக்கொள்வோம். (முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கும் ட்ரிகரும் (விரலால் இழுக்கும் பின்பக்கப் பட்டன்) அண்ணனுக்கு, வலது பக்கம் தம்பிக்கு. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். அண்ணன் இறந்த பிறகு தம்பி தனியே நீர்க்கரையில் நிற்கிறான். தம்பிக்குரிய ட்ரிகரை நாம் அழுத்தினால் இறங்க மறுக்கிறான். அண்ணனின் ட்ரிகரை அழுத்தினால் நீந்துகிறான். வசனமே கிடையாது. கேம் முழுக்க இடது கை பழகிய பழக்கம் அங்கே அழவைக்கிறது.

இதை உங்கள் கேமில் கொண்டுவர, உறவுக்கென்று ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்: கூப்பிடுவது, கை பிடிப்பது, தூக்கிவிடுவது, எதுவானாலும். முதல் முறை அது ஒரு தடையைத் தாண்ட உதவட்டும். அதன்பின் பத்துப் பதினைந்து தடவையாவது வெவ்வேறு சூழலில் வரவேண்டும்: ஒருமுறை ஆபத்தில், ஒருமுறை விளையாட்டாக, ஒருமுறை எந்தத் தேவையும் இல்லாமல். மூன்றாவது தடவைக்கு மேல் பட்டன் குறிப்பைத் திரையில் காட்டாதீர்கள். விரல் தானாகப் போகும் நிலை வந்த பிறகுதான் இழப்பு வரவேண்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தவர்கள்கூட இடறும் இடம் ஒன்று உண்டு. பாத்திரம் இறந்ததும் நிரலில் ஒரே வரியில் அந்தப் பட்டனை முடக்கிவிடுகிறார்கள். தேடித்தேடிச் சேர்த்த கணமே அதோடு அழிந்துபோகிறது. பட்டன் வேலை செய்யட்டும். நாயகன் கூப்பிடட்டும். அரை நொடியில் பதில் வந்த இடத்தில் இப்போது இரண்டு நொடி மௌனம் இருக்கட்டும்.

துணைப் பாத்திரம் தொல்லையாக இருப்பது

வாசலை மறிக்கிறான், குறுக்கே நின்று குண்டடி படுகிறான், நம் நடையைவிட வேகமாகவும் ஓட்டத்தைவிட மெதுவாகவும் போகிறான். இவன் செத்தால் 'அப்பாடா' என்றுதான் இருக்கும். துணைவரின் வேகத்தை விளையாடுபவரின் வேகத்தோடு இணையுங்கள், இருவரும் மோதிக்கொள்வதை அணைத்துவிடுங்கள், அவருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்ப் பட்டையே வேண்டாம். முடிந்தால் அவரால் ஏதாவது லாபமும் இருக்கட்டும். 1997இன் 'ஃபைனல் ஃபேன்டஸி 7'இல் ஏரித்தின் சாவு வலித்ததற்கு, குணப்படுத்தும் திறனுக்காக அவளை நம்பிச் சண்டை போட்டதும் ஒரு காரணம். அதன்பின் எந்தச் சண்டைக்கும் அவள் திரும்பி வரவில்லை.

துக்கத்துக்குப் பட்டன் வைப்பது

2014இன் 'கால் ஆஃப் டியூட்டி: அட்வான்ஸ்ட் வார்ஃபேர்' இறுதிச்சடங்கில், அஞ்சலி செலுத்த கீபோர்டில் எஃப் விசையை அழுத்தச் சொன்னது. இன்றுவரை அது மீம்.

செக்பாயின்ட்டைக் காட்சிக்கு முன்னால் வைப்பது

செக்பாயின்ட் என்பது தோற்றால் மறுபடி தொடங்கும் இடம். மரணக் காட்சி முடிந்ததும் பாஸ் சண்டை, அதாவது பெரிய எதிரியோடு மோதல். தோற்றால் மறுபடி மரணக் காட்சி. இரண்டாம் முறை அலுப்பு, ஐந்தாம் முறை நக்கல். காட்சி முடியும் நொடியில் சேவ் செய்யுங்கள். எப்படியும் ஸ்கிப் வசதி இருக்கட்டும்.

அச்சீவ்மென்ட்

ஒரு கட்டத்தைத் தாண்டியதற்குத் திரையில் வரும் பாராட்டுக் கோப்பை, தங்கையின் கடைசி மூச்சில் டிங் என்று வரக்கூடாது. அரை நிமிடம் தள்ளிப்போடுங்கள்.

இசை

முதல் பிளேடெஸ்ட் இசையில்லாமல்தான். காட்சி தானாகவே கலங்கவைக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

விலையில்லாத தேர்வு

'காப்பாற்று', 'விட்டுவிடு' என்று இரண்டு பொத்தான் வைத்துவிட்டு, எதை அழுத்தினாலும் அடுத்த காட்சி ஒன்றுதான் என்றால் ஆட்டக்காரருக்கு அது சீக்கிரமே புரிந்துவிடும். வேறு வேறு கதைகள் எழுதத்தான் பணமும் ஆளும் வேண்டும். ஒரு விலை வைக்க இரண்டும் தேவையில்லை. 2013இன் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'இல் நாம் எல்லைச் சாவடி அதிகாரி. அங்கே ஒரு கணவன் வருகிறான், ஆவணங்கள் சரி. பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. அனுமதித்தால் விதிமீறல் சீட்டு. அன்றைக்கு முதல் இரண்டு சீட்டுகள் வெறும் எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடித்தம். சாயங்காலம் அதே சம்பளத்தில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, கணப்பு எல்லாம். பரிதாபப்பட்டு முத்திரை குத்தியவர் அன்றிரவு பிள்ளைக்குச் சோறா, சூடா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.