கைக்குழந்தைக்குக் கரப்பான்: ஈரம் காயுமுன் பூசுங்கள்

மூன்று மாதம் தாண்டிய பிள்ளையின் கன்னம் இரண்டும் சொரசொரத்து, சிவந்து, லேசாக நீர் கசிந்தால், பாட்டிமார் பார்த்ததுமே ‘கரப்பான்’ என்பார்கள். டாக்டர் சீட்டில் அது எக்ஸிமா. முதலில் கன்னம், நெற்றி, தலை; தவழத் தொடங்கியதும் முழங்கை, முழங்கால்களின் வெளிப்பக்கம். டயப்பர் கட்டும் இடம் ஈரமாகவே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, கருமையாகவோ ஊதாவாகவோதான் தெரியும். அதனால் கண்ணைவிட விரலை நம்புங்கள்.

தலையில் மட்டும் எண்ணெய்ப்பசையுள்ள மஞ்சள் செதில், அரிப்பில்லை என்றால் அது வேறு, தானே போய்விடும். உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளம், வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பு என்றால் சிரங்காக இருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து வேண்டும்.

கரப்பான் வந்த தோல் கீற்று விலகிய ஓலைக்கூரை மாதிரி. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியிலிருக்கும் சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே வரும். பெற்றோரில் ஒருவருக்கு இழுப்போ (ஆஸ்துமா) ஒவ்வாமைத் தும்மலோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ‘மருந்து போட்டு அமுக்கினால் உள்ளே போய் இழுப்பாகும்’ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் இழுப்பு வருவது உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருப்பதுதான் காரணம், பூசிய மருந்து அல்ல.

குளிப்பாட்டு

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், அரை மணி நேரத் தேய்ப்பு, பயறுபொடி, கடைசியில் சாம்பிராணிப் புகை: நல்ல தோலுக்கே இது அதிகம். தினம் ஒரு குளி, 5 முதல் 10 நிமிடம் போதும். முழங்கையை விட்டுப் பார்த்தால் தண்ணீர் சூடாகவும் இருக்கக் கூடாது, குளிராகவும் இருக்கக் கூடாது. சோப்பு வேண்டுமானால் வாசனையில்லாத, நுரை குறைந்த குழந்தைச் சோப்பு; அதுவும் கழுத்து மடிப்பு, கக்கம், அரைப்பகுதிக்கு மட்டும். கடலோர ஊர்களின் உப்புத் தண்ணீரிலும் சில இடங்களின் போர் தண்ணீரிலும் சோப்பு சரியாகப் போகாது. கடைசி இரண்டு கப் நல்ல தண்ணீராக ஊற்றுங்கள்.

பயறுபொடியும் கடலைமாவும் வேண்டாம். உரசிப் புண்ணாக்கும் என்பது ஒன்று. உடைந்த தோல் வழியே உணவுப் புரதம் உள்ளே போனால், பின்னால் அதைத் தின்னும்போது ஒவ்வாமை வரலாம் என்பது இன்னொன்று. தோலில் தேய்க்கும் பாலேட்டுக்கும் இதே கதைதான்.

பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், தலை முதல் கால் வரை ஈரப்பசை க்ரீம். குளியலறைக்குப் போகுமுன்பே டப்பாவைத் திறந்து வையுங்கள். துணி தேடி, டப்பா தேடி, ஐந்து நிமிடம் போனால் குளித்ததே தோலை மேலும் உலர்த்திவிடும்.

எதை, எவ்வளவு

வாசனையில்லாத கெட்டியான க்ரீம், அல்லது வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. லோஷனில் தண்ணீர் அதிகம், சீக்கிரம் காயும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, மயிர் படியும் திசையில் பூசுங்கள். ஆறு மாதப் பிள்ளைக்கு வாரத்துக்கு 100 கிராம் அளவில் செலவாகும். 50 கிராம் டியூப் ஒரு மாதம் வந்தால் நீங்கள் பூசவில்லை, தடவிக்காட்டுகிறீர்கள்.

தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வீட்டில் எடுக்கும் உருக்கெண்ணெய் லேசான கரப்பானுக்கு நல்லதே. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், தோல் கிருமிகளை ஓரளவு அடக்கும். ஈரத்தோலில் பூசினால்தான் பலன். கசியும் புண்ணில் வேண்டாம். வேப்பிலை, மஞ்சள், வசம்பு சேர்த்துக் காய்ச்சாதீர்கள். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலென்ற கூரையை இன்னும் பிரிக்கும்.

ஸ்டீராய்டு

அழற்சியை அடக்கும் பூச்சு மருந்து இது. இந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் டியூப்பை ஒளித்துவைப்பார்கள். மீதிப் பேர் மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசுவார்கள். இரண்டும் தவறு. சொரசொரப்பும் அரிப்பும் கிளம்பிய இடத்துக்கு ஈரப்பசை க்ரீம் மட்டும் போதாது. கைக்குழந்தைக்கு டாக்டர் பெரும்பாலும் எழுதுவது 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், மிக மிதமான ஸ்டீராய்டு.

அளவு இப்படி: பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வரும். நாலைந்து மாதப் பிள்ளைக்கு முகமும் கழுத்தும் முழுக்கப் பூச ஒரு கோடு, ஒரு கைக்கு ஒன்று, ஒரு காலுக்கு ஒன்றரை. வந்த இடத்தில் மட்டும், டாக்டர் சொன்ன நாள் வரை. ஈரப்பசை க்ரீமுக்கும் இதற்கும் கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரண்டு நாளில் சிவப்பு குறைந்ததும் நிறுத்தினால் அடுத்த வாரமே திரும்பும். விரலுக்கு வழவழப்பாகும் வரை பூசவேண்டும். ஆறிய இடம் வெளுத்திருந்தால் மருந்து கெடுத்ததாக நினைக்காதீர்கள். அது அழற்சி விட்ட தடம், சில மாதத்தில் நிறம் வரும்.

படர்தாமரைக்கென்று விற்கும் கலப்பு க்ரீமைப் பிள்ளைக்குப் பூசவே கூடாது. லேபிளில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் அவை பல மடங்கு வீரியமானவை; தோல் மெலியும். டயப்பருக்கு அடியில் இன்னும் அதிகமாக உடலுக்குள் இறங்கும்.

ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிப் பக்கம் வீசும் நாட்களில் தோல் சட்டென்று உலரும். க்ரீமை ஒரு முறை கூட்டுங்கள். பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் வியர்வையே அரிப்பைக் கிளப்பும். மெல்லிய பருத்திச் சட்டை, மின்விசிறி, ஈரத்துணி ஒற்றல். பவுடர் வேண்டாம். ஐப்பசி மழையில் துணியைப் புகைக்கு மேல் உலர்த்தாதீர்கள். சோப்புத்தூள் போக இரண்டு முறை அலசுங்கள். நகத்தை வாரம் இருமுறை வெட்டுங்கள்.

தாய் மீனையும் முட்டையையும் விட்டுவிடத் தேவையில்லை; பால் கொடுப்பவள் பட்டினி கிடப்பதுதான் மிச்சம். ஆறு மாதத்தில் ஏத்தங்காய் (நேந்திரன்) பொடிக் கூழோ கேப்பைக் கூழோ தொடங்கும்போது, ஊட்டுமுன் வாயைச் சுற்றிப் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுங்கள். கரப்பான் கடுமையாக இருந்தால் முட்டை, வேர்க்கடலையை டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, வாந்தி வந்தால் அந்த உணவை நிறுத்தி, டாக்டரிடம் காட்டுங்கள்; மூச்சுத் திணறினால் உடனே 108.

தேன் நிறப் பொருக்கு, சீழ் வந்தால் கிருமி ஏறிவிட்டது, மறுநாளைக்குள் டாக்டர். ஒரே அளவில் குத்தினாற்போலச் சிறு குழிப்புண்கள் கூட்டமாக வந்து, காய்ச்சலும் சோர்வும் இருந்தால் ராத்திரியானாலும் கிளம்புங்கள். அது உதட்டுக்கொப்புள வைரஸாக இருக்கலாம், கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து. நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், அது ஆறும்வரை பிள்ளையை முத்தமிட விடாதீர்கள்.