புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்

ஐப்பசி பிறந்து வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எங்கே கரையைக் கடக்குதாம்?" என்பதுதான். ஆந்திரா என்று பதில் வந்தால் சென்னைக்காரர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். நாகப்பட்டினம் என்று வந்தால், அது கடலோரத்துக்காரர்கள் பாடு என்று உள்ளே இருக்கிற மாவட்டங்கள் இருந்துவிடுகின்றன. புயல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதால் வருபவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2023 மிக்ஜாம் புயலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கரையைக் கடந்தது டிசம்பர் 5 அன்று, ஆந்திராவில், பாபட்லா அருகே. ஆனால் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஜனங்கள் தவித்தது அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில். புயல் நேராகக் கரையை நோக்கி வராமல், சென்னைக்குக் கிழக்கே கடலில் இருந்துகொண்டு கரையோரமாகவே வடக்கே மெல்ல ஊர்ந்தது. அதன் மழை மேகங்கள் நகரத்தின் மேல் மணிக்கணக்கில் நின்றுவிட்டன. வரைபடத்தில் நாம் பார்க்கிற புள்ளி புயலின் மையம் மட்டும்தான். அதைச் சுற்றிச் சுழலும் மேகப் பட்டைகள் பல நூறு கிலோமீட்டருக்கு விரிந்திருக்கும். மையம் உங்கள் ஊருக்கு வராமலேயே மழை வந்துவிடும். போதாக்குறைக்குப் புயல் நேரத்தில் கடல் மட்டமும் உயர்ந்து அலை கொந்தளிப்பதால், அடையாறும் கூவமும் முகத்துவாரத்தில் தண்ணீரைத் தள்ள முடியாமல் திணறும். மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கஜா இதற்கு மறுபக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடந்ததோடு முடிந்ததா என்றால் இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டு, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் குறுக்கே தாண்டி அரபிக்கடலுக்கே போய்ச் சேர்ந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து விவசாயிகள் இருபது முப்பது வருடம் வளர்த்த மரங்களை ஒரே இரவில் இழந்தார்கள்.

அடுத்த தவறு, பெயரைப் பார்த்துப் பயப்படுவதும் பெயர் இல்லை என்றால் அலட்சியமாக இருப்பதும். காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் அது புயல், அதற்குப் பெயர் வைப்பார்கள். 31-லிருந்து 49 வரை தாழ்வு மண்டலம், 50-லிருந்து 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல் என்று இப்படியே ஏறிக்கொண்டு போகும். இந்தப் படிநிலை முழுக்க முழுக்கக் காற்றை வைத்துப் போட்டது. மழை எவ்வளவு பெய்யும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது புயலும் இல்லை, பெயரும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்ததே, அதற்குக் காரணம் குமரிக்கடல் பகுதியில் வானில் உயரே காற்று சுழன்றுகொண்டிருந்த ஒரு மேலடுக்குச் சுழற்சி. செய்தியில் கேட்டால் காதில்கூட ஏறாத வார்த்தை அது. தாமிரபரணிக் கரை முழுக்க மூழ்கியது அப்போதுதான்.

செ.மீ. கணக்கு பலருக்கும் மனதில் பதிவதில்லை, அதனால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். 1 செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, கிட்டத்தட்ட 223 சதுர மீட்டர். அதன் மேல் 50 செ.மீ. பெய்தால் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் லிட்டர் சொச்சம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒன்பது வந்து உங்கள் மனையில் மட்டும் கொட்டிவிட்டுப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எத்தனை மனை, உங்கள் பேட்டையில் எத்தனை தெரு, அத்தனையும் எந்த ஏரிக்கு, எந்தக் கால்வாய்க்குப் போக வேண்டும் என்று யோசித்தால் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் முன்கூட்டியே ஏன் கிளம்ப வேண்டும் என்பது தானாகப் புரியும். மழைக்கு முன்பே காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்களைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். அவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "புயல் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருதாம், சைக்கிள் வேகம்கூட இல்லை" என்று சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். இங்கே இரண்டு வேகங்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்றின் வேகம். இன்னொன்று அந்த மொத்தச் சுழலும் இடம்விட்டு இடம் நகரும் வேகம். இந்த இரண்டாவது வேகம் குறைவாக இருப்பது நல்ல செய்தி இல்லை, கெட்ட செய்தி. வேகமாக நகரும் புயல் காற்றால் அடித்துவிட்டுப் போய்விடும். மெதுவாக நகர்வது, அதைவிட மோசமாக ஒரே இடத்தில் நின்றுவிடுவது, தன்னிடம் இருக்கிற ஈரத்தையெல்லாம் ஒரே பகுதியில் இறக்கிவிடும்.

2024 ஃபெஞ்சல் அப்படித்தான் செய்தது. காற்றை வைத்துப் பார்த்தால் அது பெரிய புயலே இல்லை. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பிறகு நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ.யை ஒட்டி மழை, புதுச்சேரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அப்புறம் "புயல் வலுவிழந்தது" என்று செய்தி வந்தது. ஜனங்கள் மூச்சுவிட்ட நேரத்தில்தான் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் புதைந்துபோனார்கள். கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட வேண்டியதாகி, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் எல்லாம் தண்ணீரில் கிடந்தன.

வலுவிழந்தது என்றால் என்ன அர்த்தம் என்று பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. புயலுக்குச் சாப்பாடு வெதுவெதுப்பான கடல், பொதுவாக 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல். அங்கிருந்து எழும் நீராவி மேலே போய்க் குளிர்ந்து நீர்த்துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, அந்த வெப்பம்தான் சுழற்சியை ஓட்டுகிறது. தரைக்கு வந்ததும் அந்த வரத்து அறுந்துபோகிறது, மரம், கட்டடம், மேடு பள்ளம் எல்லாம் உராய்ந்து தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே மேலே ஏறி நிற்கிற ஈரம் எங்கே போகும்? அது மழையாகத்தான் இறங்க வேண்டும். வழியில் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போல ஏதாவது குறுக்கே நின்றால் காற்று இன்னும் மேலே தள்ளப்பட்டு மழை இன்னும் கூடும். எனவே வலுவிழந்தது என்ற செய்தி காற்றைப் பற்றியது. மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் இருப்பவர்களுக்கு ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

காற்றிலும் ஒரு கணக்குத் தப்பு உண்டு. 60 கி.மீ. காற்றைப் பார்த்தவர்கள் 120 என்றால் அதைப் போல இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுவரின் மேல், கூரைத் தகரத்தின் மேல் காற்று கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு.

புயலின் கண், அதாவது நடுவில் காற்று ஓய்ந்திருக்கும் பகுதி பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதாது. 2016 டிசம்பர் 12, வர்தா சென்னை மேலேயே வந்தது. பிற்பகலில் மரங்களை முறித்துக்கொண்டிருந்த வடக்குக் காற்று சட்டென்று ஓய்ந்து, பல இடங்களில் அமைதியாகிவிட்டது. முடிந்தது என்று கதவைத் திறந்து தெருவுக்கு வந்தவர்கள், விழுந்த கிளையை இழுத்துப் போட்டவர்கள், செல்போனில் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர். மையத்துக்கு முன்பக்கம் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், பின்பக்கம் தெற்கிலிருந்து அடிக்கும். அதனால் கண் கடந்ததும் நேர் எதிர்த் திசையிலிருந்து காற்று திரும்ப வந்தது. முதல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்து நிற்கிற மரத்தை இரண்டாவது காற்று மறுபக்கம் தள்ளும்போது அது விழுந்தே தீரும். அடித்துக்கொண்டிருந்த காற்று படிப்படியாகக் குறையாமல் திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். திசை மாறி அடித்து, பிறகு மெல்ல மெல்லத் தணிந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

இந்தச் சுழலும் திசைதான் கடல் எந்தப் பக்கம் ஊருக்குள் வரும் என்பதையும் முடிவு செய்கிறது. பூமியின் நம் பாதியில் புயல் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுழலும். நம் கிழக்குக் கரையில் அது மேற்கே வந்து மோதும்போது, கடக்கிற இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடித்துத் தண்ணீரை உள்ளே தள்ளும், தெற்கே கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கடல் ஆழம் குறைவாக இருந்தால் தள்ளப்படும் தண்ணீருக்குக் கீழே போக இடம் இல்லாமல் மேலே எழும்பிக் கரையேறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும் அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் அழித்தது அப்படி எழும்பிய கடல்தான். தெற்குப் பக்கத்தில் கடல் உள்வாங்கினால் உடனே சுனாமி என்று செய்தி பரப்புவார்கள். சுனாமிக்குக் காரணம் பெரும்பாலும் கடலடி நிலநடுக்கம், இது காற்று தள்ளியது. அதற்காக வெளியே தெரியும் சேற்றில் இறங்கி வேடிக்கை பார்க்கலாம் என்று இல்லை. மையம் நகர்ந்து காற்று திரும்பினால் தண்ணீரும் திரும்பும். புயல் எதுவும் இல்லாத நாளில் கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் காரணம் தேடாமல் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு விஷயத்திலும் ஒரு பழைய குழப்பம் இருக்கிறது. 5-ம் எண் 6 ஆனால் ஆபத்து கூடிவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 1, 2 தொலைவில் கடலில் இருப்பதைச் சொல்பவை, 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பவை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து: துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ வந்தால் 7. அதே மூன்று நிலைகள் கடும் புயலுக்கு 8, 9, 10. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இவை முதலில் கப்பல்காரர்களுக்கானவை. வீட்டில் இருப்பவர்கள் தங்கள் மாவட்டத்துக்கான நிற எச்சரிக்கையைப் பார்ப்பதுதான் பயன்.

வரைபடத்தில் புயல் பாதையைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் பகுதியைப் புயலின் அகலம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. மையம் எந்தெந்த வழியாகப் போகக்கூடும் என்பதன் எல்லை அது. ஒரு நாள் முன்பு சொல்லும் கணிப்பிலேயே மையம் சராசரியாக 70, 80 கி.மீ. தள்ளிப் போவது சகஜம். சென்னையிலிருந்து கல்பாக்கம் அவ்வளவு தூரம்தான். பத்து நாள் முன்பே ஒரு செயலியில் சிவப்பாகத் தெரியும் படத்தை வாட்ஸாப்பில் அனுப்புவதால் யாருக்கும் உதவி இல்லை. வெளிநாட்டுத் தளத்தில் காற்றின் வேகம் அதிகமாக இருக்கிறது, இங்கே மறைக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். நம் வானிலை ஆய்வு மையம் 3 நிமிடச் சராசரி எடுக்கிறது, அமெரிக்கக் கடற்படையின் மையம் 1 நிமிடச் சராசரி எடுக்கிறது. குறுகிய நேரச் சராசரி கூடுதலாகத்தான் வரும்.

கணிப்பு கொஞ்சம் தள்ளிப்போனால் "ஏமாற்றிவிட்டது", "வீணாக முகாமுக்குக் கூட்டிப் போனார்கள்" என்று பேசுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். 2013-ல் பைலின் அதே மாநிலத்துக்கு வந்தபோது கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்பே வெளியேற்றினார்கள், உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. வெளியேறியவர்களில் பலருடைய வீட்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. எந்த வீடு தப்பும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாததால்தான் எல்லோரும் கிளம்ப வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், நேரம் கிடைக்காமல் போவதும் உண்டு. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி மறுநாள் காலையிலேயே புயலாகிவிட்டது. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே அரபிக்கடலுக்குப் போயிருந்தார்கள், பலர் திரும்பவே இல்லை. குமரிக்கடலில் தாழ்வு மண்டலம் என்று கேட்டாலே, புயல் ஆகட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் கடலில் இருப்பவர்களுக்கு எப்படியாவது தகவல் சொல்லிவிட வேண்டும்.

மழை விட்ட பிறகு: தேங்கிய தண்ணீரில் கம்பி கிடந்தால் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கால் வைக்காதீர்கள், எந்த நேரத்தில் திரும்ப விடுவார்கள் என்று தெரியாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டாதீர்கள், அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்காதீர்கள், சிறிய காரை மிதக்கவிட அதுவே போதும். தரைத் தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ வெள்ளம் புகுந்திருந்தால் மோட்டாரைப் போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியைக் கழுவிக் குளோரின் போடும்வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.