கணினியிலுள்ள மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் அட்டவணையை ப்ராஜெக்ட் சர்வருடன் இணைக்கும் முறை

ஒரு திட்டத்தின் கால அட்டவணை, அதைத் தயாரித்தவரின் கணினியில் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளின் எம்பிபி கோப்பாக மட்டும் இருக்கும்வரை, அதைப் பார்க்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சலில் ஒரு நகல் அனுப்ப வேண்டியிருக்கும். சில வாரங்களிலேயே எந்த நகல் கடைசியானது என்ற கேள்வியும் எழுந்துவிடும். இந்த நிலையிலிருந்து விடுபடவே நிறுவனங்கள் ப்ராஜெக்ட் சர்வரை நிறுவி, அதன் உலாவிப் பக்கமான ப்ராஜெக்ட் வெப் ஆப் வழியாக எல்லோரும் ஒரே அட்டவணையைப் பார்க்க வகை செய்கின்றன. இரண்டையும் இணைக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்தத் தகவலை எந்தப் பக்கத்தில் யார் மாற்றுவது, எந்த நாட்காட்டியைப் பின்பற்றுவது, பணியாளர் பட்டியல் எங்கே இருப்பது என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். அந்த முடிவுகள் இல்லாமல் இணைத்தவர்கள், முதல் வாரத்தில் தேதிகள் தாமாகவே நகர்ந்துவிட்டதாகக் குறை கூறுவதைப் பரவலாகக் கேட்கலாம்.

தொடங்குவதற்கு முன் உங்கள் கணினியிலுள்ள பதிப்பு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் ஸ்டாண்டர்ட் பதிப்பால் சர்வருடன் இணைய முடியாது. ப்ரொஃபஷனல் பதிப்போ, சந்தா வழியாகக் கிடைக்கும் ஆன்லைன் டெஸ்க்டாப் கிளையண்டோ தேவை. மறுமுனையில் இருப்பது எது என்பதையும் கேட்டறிய வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் மேகக் கணினியில் நடத்திவந்த ப்ராஜெக்ட் ஆன்லைன் சேவைக்கு 2026 செப்டம்பர் 30-ஐ இறுதி நாளாக அறிவித்துள்ளது. எனவே புதிதாகத் தொடங்குபவர்கள், நிறுவனத்தின் சொந்த சர்வரில் இயங்கும் ப்ராஜெக்ட் சர்வர் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனை மனத்தில் வைத்தே இங்குள்ள படிகளைப் பின்பற்றலாம். உங்கள் நிறுவனம் மைக்ரோசாஃப்டின் மற்றொரு பணித் திட்டமிடல் சேவையான பிளானரின் கட்டணச் சந்தாக்களுக்கு மாறிவிட்டிருந்தால் இந்த வழிமுறை பொருந்தாது. அங்கே டெஸ்க்டாப் கோப்பை உள்ளே இறக்கிக்கொள்ள வழி உண்டு, ஆனால் இங்கே சொல்லப்படும் இருவழி இணைப்பு கிடையாது.

கணக்கைச் சேர்த்தல்

ப்ராஜெக்டைத் திறந்து, ஃபைல் பட்டியில் இன்ஃபோ பகுதிக்குச் சென்று, மேனேஜ் அக்கவுண்ட்ஸ் பொத்தானை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் கம்ப்யூட்டர் என்ற ஒரே கணக்கு இருக்கும். ஆட் பொத்தானை அழுத்தி, கணக்குக்கு நீங்கள் விரும்பும் பெயரையும் அதற்குக் கீழே சர்வரின் முகவரியையும் கொடுக்க வேண்டும். உலாவியிலிருந்து முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ப்ராஜெக்ட் வெப் ஆப் தளத்தின் முகவரி எங்கே முடிகிறதோ அதுவரை மட்டும் கொடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும் பக்கப் பெயரை வெட்டிவிட வேண்டும். அதே சாளரத்தில், தொடங்கும்போது எந்தக் கணக்கு என்று கேட்கும் சூஸ் அன் அக்கவுண்ட் விருப்பத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. சர்வரில் இருக்கிறோமா, கணினியில் இருக்கிறோமா என்ற தெளிவு ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும்.

பின்பு ப்ராஜெக்டை முழுவதுமாக மூடிவிட்டு மீண்டும் திறந்தால்தான் புதிய கணக்கு செயல்படத் தொடங்கும். உலாவியில் தளம் நன்றாகத் திறக்கிறது, ஆனால் டெஸ்க்டாப்பில் அனுமதி மறுக்கப்படுகிறது என்றால், கடவுச்சொல்லைச் சந்தேகிக்கும் முன், உங்களுக்கு அந்த அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று சர்வர் நிர்வாகியிடம் கேளுங்கள். ப்ராஜெக்ட் சர்வரின் சொந்த அனுமதி முறை பயன்பாட்டில் இருக்கும் இடங்களில், ப்ராஜெக்ட் ப்ரொஃபஷனலிலிருந்து உள்நுழைவதற்கென்றே தனி அனுமதி ஒன்று உண்டு. உலாவியில் பார்ப்பதற்கான உரிமை அதை உள்ளடக்கியது அல்ல.

நாட்காட்டியும் பணியாளர் பட்டியலும்

இனி வருவதே இந்த வேலையின் கனமான பகுதி. ஒரு கட்டடத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தளத்தில் திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் வேலை நடக்கிறது. அதற்கேற்ப உங்கள் கோப்பில் ஆறு நாள் நாட்காட்டி ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறீர்கள். சர்வருடன் வரும் ஸ்டாண்டர்ட் நாட்காட்டியோ திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் கணக்கு. அடித்தளத்துக்குக் கம்பி கட்டும் இருபது நாள் பணி ஒரு திங்கட்கிழமை தொடங்கினால், ஆறு நாள் கணக்கில் அது நான்காம் வாரச் செவ்வாயன்று முடியும். ஐந்து நாள் கணக்கில் அதே வாரம் வெள்ளியன்று முடியும். ஒரே பணியில் மூன்று நாள் வித்தியாசம் என்றால், அதைத் தொடர்ந்து வரும் கான்கிரீட் பணியும் தூண் பணியும் எவ்வளவு தள்ளிப்போகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கோப்பிலுள்ள சொந்த நாட்காட்டிகளை அனுமதிப்பதா இல்லையா என்பது சர்வரில் நிர்வாகி வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்தது. அனுமதி இருந்தாலும் அதை நம்பியிராமல், நிறுவனத்துக்கான பொது நாட்காட்டியாகவே ஆறு நாள் நாட்காட்டியைச் சர்வரில் உருவாக்கித் தரும்படி நிர்வாகியைக் கேட்பதே என் பரிந்துரை. அடுத்த திட்டத்துக்கும் அதுவே பயன்படும். உருவான பிறகு, ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன் சாளரத்தில் அதைத் திட்டத்தின் நாட்காட்டியாகத் தேர்ந்தெடுங்கள்.

இத்துடன் நின்றுவிடக் கூடாது. ஒரு பணிக்கு ஆள் ஒதுக்கப்பட்டுவிட்டால், ப்ராஜெக்ட் அந்தப் பணியைத் திட்டத்தின் நாட்காட்டியின்படி அல்லாமல், அந்த ஆளின் நாட்காட்டியின்படியே கணக்கிடுகிறது. சர்வரிலுள்ள பணியாளர் பட்டியலில் மேற்பார்வையாளருக்கு அடிப்படை நாட்காட்டி ஸ்டாண்டர்ட் என்றே இருந்தால், திட்டத்தின் நாட்காட்டியை எவ்வளவு கவனமாக மாற்றியிருந்தாலும் அவருடைய பணிகள் சனிக்கிழமையைத் தாண்டிப் போய்விடும். ஆகவே பட்டியலிலுள்ள ஒவ்வொருவரின் அடிப்படை நாட்காட்டியையும் சரிபார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் கோப்பில் நீங்கள் தட்டச்சு செய்த பெயர்கள் அனைத்தும் அந்தக் கோப்புக்குள் மட்டும் வாழும் பெயர்கள். அவற்றை அப்படியே சர்வரில் ஏற்றலாம். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் உள்நுழைந்து தன் பணிகளைப் பார்க்க முடியாது, அவர் வேறொரு திட்டத்திலும் ஒதுக்கப்பட்டிருந்தால் சுமை கூடிவிட்டது என்பதும் எங்கும் தெரியாது. ரிசோர்ஸ் பட்டியில் ஆட் ரிசோர்சஸ் என்பதன் கீழ் உள்ள பில்ட் டீம் ஃப்ரம் என்டர்பிரைஸ் சாளரத்தைத் திறந்தால், இடப்புறம் நிறுவனத்தின் பட்டியலும் வலப்புறம் உங்கள் திட்டக் குழுவும் தெரியும். இருபுறமும் ஒரே ஆளைத் தேர்ந்து ரீப்ளேஸ் பொத்தானை அழுத்தினால், ஒதுக்கீடுகள் எல்லாம் புதிய பெயருக்கு மாறும். செய்து முடித்த வேலை நேரம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அது பழைய பெயரிலேயே தங்கிவிடும். மீதி வேலை மட்டுமே புதியவருக்குச் செல்லும். ஒரே மனிதர் இரண்டு வரிகளில் நிற்கும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, வேலை நேரம் எதையும் பதிவதற்கு முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுவது சிறந்தது.

முதல் முறை ஏற்றும்போது

ஏற்றுவதற்கு முன் தேதிகளின் சாட்சி ஒன்றைக் கோப்புக்குள்ளேயே எடுத்து வையுங்கள். ப்ராஜெக்ட் பட்டியில் செட் பேஸ்லைன் சாளரத்தைத் திறந்து, அதில் செட் இன்டெரிம் பிளான் என்பதைத் தேர்ந்து, தற்போதைய தொடக்க, முடிவுத் தேதிகளை ஸ்டார்ட்10, ஃபினிஷ்10 ஆகிய புலங்களில் நகலெடுத்துக்கொள்ளலாம். நாட்காட்டியையும் பெயர்களையும் மாற்றி, சர்வரில் ஏற்றிய பின், ஃபினிஷ் நெடுவரிசைக்குப் பக்கத்தில் ஃபினிஷ்10 நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பணி நகர்ந்தது என்பது ஒரே பார்வையில் தெரியும். இதற்குப் பேஸ்லைனையே, அதாவது பின்னர் ஒப்பிடுவதற்காகச் சேமித்து வைக்கும் திட்டத் தேதிகளின் பதிவையே, பயன்படுத்தலாமே என்று தோன்றலாம். ஆனால் பேஸ்லைனுக்கென எண்ணிட்டு வைத்திருக்கும் இடங்களில் முதல் சிலவற்றில் சேமிக்க சர்வரில் தனி அனுமதி தேவைப்படும், மேலும் ஒப்புதல் பெற்ற பேஸ்லைனைச் சோதனைக்காக அழித்தெழுதுவது நல்ல பழக்கமும் அல்ல.

ஃபைல் பட்டியில் சேவ் அஸ் சென்று, சர்வர் கணக்கைத் தேர்ந்து சேமியுங்கள். இவ்வாறு சேமிப்பதால் அட்டவணை மற்றவர்களின் பார்வைக்கு வந்துவிடாது. சர்வர் ஒவ்வொரு திட்டத்துக்கும் வரைவு, வெளியீடு என இரண்டு நிலைகளை வைத்திருக்கிறது. சேமிப்பு வரைவை மட்டுமே மாற்றும். ஃபைல் பட்டியின் இன்ஃபோ பகுதியிலுள்ள பப்ளிஷ் பொத்தானை அழுத்திய பிறகே பணியாளர்களின் பக்கங்களிலும் அறிக்கைகளிலும் மாற்றம் தெரியும். பாதி யோசனையிலுள்ள மாற்றங்களை நாள்கணக்கில் வரைவாகவே வைத்திருக்க முடிவது உண்மையில் பெரிய வசதி. அதே சமயம், சேமித்துவிட்டேன் என்று திட்ட மேலாளர் சொல்ல, என் பக்கத்தில் பழைய தேதிதான் இருக்கிறது என்று பொறியாளர் சொல்லும் சச்சரவுகளுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அன்றாடப் பயன்பாடு

திட்டத்தைத் திருத்துவதற்காக நீங்கள் திறக்கும்போது அது உங்கள் பெயரில் செக்-அவுட் ஆகிறது, அதாவது உங்களுக்காகப் பூட்டப்படுகிறது. மற்றவர்கள் அதைப் படிக்க மட்டுமே முடியும். மூடும்போது செக்-இன் செய்யவா, அதாவது பூட்டை விடுவிக்கவா என்று கேட்டால், வேலை முடிந்திருக்கும் பட்சத்தில் ஆம் என்றே சொல்லுங்கள். கீழே உள்ள நிலைப்பட்டையில் சேமிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதுதான், மறுநாள் திட்டம் பூட்டிக் கிடப்பதற்கு வழக்கமான காரணம்.

தளத்திலுள்ளவர்கள் தங்கள் பணிகளின் நிலையை உலாவியில் பதிந்து அனுப்புவார்கள். அது உங்கள் ஒப்புதலுக்கு வரும். ஒப்புக்கொண்டதும் வரைவில் சேரும். திட்டத்தை டெஸ்க்டாப்பில் திறப்பதற்கு முன்பே ஒப்புதல்களை முடித்துவிட்டு, பிறகு திறந்து, தேதிகள் எப்படி நகர்ந்திருக்கின்றன என்று பார்த்து, பப்ளிஷ் செய்யும் வரிசையை வாராந்தர வழக்கமாக்கிக்கொள்வது பாதுகாப்பானது. முன்னேற்றத்தைச் சதவீதமாகப் பதிவதா, செய்த நேரமும் மீதி நேரமுமாகப் பதிவதா, நாள்வாரியாக நேரத்தைப் பதிவதா என்பதை நிறுவனம் முழுவதற்கும் ஒரே விதமாக நிர்வாகி அமைக்கலாம். பணியாளர்கள் பதிந்த நேரத்தை திட்ட மேலாளர் டெஸ்க்டாப்பில் மாற்ற முடியாதபடி தடுக்கும் அமைப்பும் உண்டு. ஊதியமோ வாடிக்கையாளர் கட்டணமோ அந்த நேரத்தை வைத்துக் கணக்கிடப்படும் இடங்களில் அதை இயக்கி வைப்பது அவசியம் என்றே கருதுகிறேன். மற்ற இடங்களில் அது மேலாளரின் கையைக் கட்டிப்போடும்.

சிக்கல் வந்தால்

ப்ராஜெக்ட், சர்வரிலிருந்து எடுத்த திட்டத்தின் நகலொன்றை உங்கள் கணினியில் தற்காலிகச் சேமிப்பாக வைத்துக்கொண்டு, மாறிய பகுதிகளை மட்டும் சர்வருக்கு அனுப்புகிறது. இதனால் மெதுவான இணைப்பிலும் வேலை ஓடும். ஆனால் அந்த நகல் பழுதானால், சர்வரில் உள்ளதும் திரையில் தெரிவதும் வேறுபடும். அப்போது திட்டத்தைச் செக்-இன் செய்து மூடிவிட்டு, ஆப்ஷன்ஸ் சாளரத்தின் சேவ் பகுதியிலுள்ள கிளீன் அப் கேஷ் வழியாக அந்தத் திட்டத்தின் நகலை மட்டும் நீக்கி, மீண்டும் சர்வரிலிருந்து திறக்க வேண்டும்.

செக்-அவுட்டிலேயே மாட்டிக்கொண்ட திட்டத்தை நிர்வாகி வலுக்கட்டாயமாகச் செக்-இன் செய்யலாம். அதற்கு முன் அதை வைத்திருப்பவரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்வருக்கு வந்து சேராத அவருடைய திருத்தங்கள் தொலைந்துபோக வாய்ப்புண்டு. சேமிப்போ பப்ளிஷோ நெடுநேரம் முடியாமல் இருந்தால், ப்ராஜெக்ட் வெப் ஆப் அமைப்புகளில் உங்கள் வேலைகளின் வரிசையைப் பாருங்கள். தோல்வியடைந்த ஒரு வேலை, அதே திட்டத்தின் அடுத்தடுத்த வேலைகளை மறித்துக்கொண்டு நின்றால், மீண்டும் மீண்டும் பப்ளிஷ் பொத்தானை அழுத்துவது வரிசையை நீட்டுமே தவிர நகர்த்தாது. அந்த வேலையின் பிழைச் செய்தியைத் திறந்து, அதன் முழு உரையையும் நகலெடுத்து நிர்வாகிக்கு அனுப்புங்கள். அதை மீண்டும் இயக்குவதா, ரத்து செய்வதா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.