24 பின் கேபிள் உள்ளே போக மாட்டேன் என்கிறதா?

முதல் தடவை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது எல்லோரும் பிராசசர் வைக்கத்தான் பயப்படுவார்கள். அதற்கு விரல் பலமே வேண்டாம், சாக்கெட்டில் உட்கார வைத்து லீவரை இறக்கினால் முடிந்தது. வியர்க்க வைப்பது மதர்போர்டுக்குக் கரண்ட் கொண்டுவரும், அதன் வலது ஓரத்தில் செருகும் 24 பின் கேபிள்தான். அமுக்குகிறோம், போகவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் போர்டு வளைகிறது, இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியது உடைந்துவிடுமோ என்று கையை எடுத்துவிட்டு, முக்கால்வாசி போன கேபிளைப் பார்த்து "சரி, போயிருக்கும்" என்று நாமே சமாதானம் செய்துகொள்கிறோம்.

நான் அதைத்தான் செய்தேன். பவர் பட்டனை அமுக்கினால் ஒரு ஃபேன்கூட அசையவில்லை. ராமைக் கழற்றி மாட்டினேன், பட்டன் ஒயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ராத்திரி பன்னிரண்டு மணி வரை தூங்கவில்லை. மறுநாள் கேபினட்டை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கிருந்த பையன் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினான். டக். "ஆன் பண்ணுங்கண்ணா" என்றான். ஓடியது. காசு வாங்கவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டான்.

இந்தக் கேபிள் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கேபிளின் தலையில் இருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கிறது, அது போர்டில் நிற்கும் பின்னைச் சுற்றிக் கவ்விப் பிடிக்க வேண்டும். லூஸாகப் பிடித்தால் அந்த இடத்தில் சூடு ஏறும் என்பதால் வேண்டுமென்றேதான் இறுக்கமாகச் செய்கிறார்கள். ஒரு பின்னுக்கு அது ஒன்றும் பெரிய பலமில்லை. இத்தனை பின்னும் ஒரே நேரத்தில் கவ்வும்போதுதான் சுவரைத் தள்ளுவது போல இருக்கிறது. போதாததற்குப் புது கேபிள் வேறு, இதுவரை எதிலும் செருகாதது.

ஆக, இறுக்கம் சகஜம். ஆனால் எல்லா இறுக்கமும் நல்ல இறுக்கமில்லை. சரியான கேபிள் சரியான திசையில் இருந்தால், முதல் சில மில்லிமீட்டர் சுலபமாக வழுக்கிக்கொண்டு போய் அதற்கப்புறம்தான் பலம் கேட்கும். தப்பான கேபிளோ தலைகீழான கேபிளோ என்றால் வாசலிலேயே நின்றுவிடும், ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. வாசலில் நின்றால் அமுக்காதீர்கள், எடுத்துப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? போன் டார்ச்சை அடித்துக் கேபிளின் தலையை உற்றுப் பாருங்கள். ஓட்டைகள் எல்லாம் ஒரே வடிவமாக இருக்காது. சில முழுச் சதுரம், சில இரண்டு மூலை மழுங்கியவை. சாக்கெட்டிலும் அதே அமைப்பு இருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இதைவிடச் சுலபமான அடையாளம், கேபிளின் ஒரு பக்கத்தில் இருக்கும் கொக்கியும் சாக்கெட்டின் ஒரு பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன மேடும். கொக்கி அந்த மேட்டின் பக்கமாக வர வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது செருகலாம். முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அதன் ஸ்விட்சை அணைத்து, சுவர் பிளக்கையும் உருவிவிடுங்கள். 24 பின் தலை பெரும்பாலும் 20 பின் ஒன்றும் 4 பின் ஒன்றும் சேர்ந்தது. அந்த நாலு பின் துண்டு ஓரத்தில் ஒரு காடியில் மாட்டியிருக்கும், நழுவிக்கொண்டே இருக்கும். அதைச் சரியாக மாட்டி இரண்டையும் ஒரே கட்டையாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் 20 உள்ளே போய் 4 வெளியே நிற்கும்.

அடுத்தது போர்டு வளைவது. ஏடிஎக்ஸ் என்ற வழக்கமான பெரிய அளவு போர்டின் முழு அகலம் 244 மில்லிமீட்டர். விலை குறைந்த போர்டுகள் பலவும் அதைவிடக் குறுகலாக இருப்பதால் வலது ஓரத்துக்குக் கீழே ஸ்க்ரூ பிடிக்கும் பித்தளைக் கால்கள் இருக்காது, அந்த ஓரம் அந்தரத்தில் தொங்கும். 24 பின் சாக்கெட் இருப்பதும் சரியாக அதே ஓரத்தில். ஒரு கையின் விரல்களைப் போர்டின் ஓரத்துக்கு அடியில் கொடுத்து, விரல் நுழைகிற வரை தாங்கிக்கொள்ளுங்கள், மற்ற கையால் அமுக்குங்கள். கேபினட்டைப் படுக்க வைத்துக்கொண்டால் பலம் நேராகக் கீழே இறங்கும். நிற்க வைத்துக்கொண்டு செய்தால் கை வழுக்கும், கேபினட்டும் நகரும். இன்னும் போர்டை உள்ளே மாட்டவில்லை என்றால், அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து ஒரு தடவை செருகிக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும், கேபிளும் கொஞ்சம் பழகிவிடும்.

அமுக்கும் விதம் ஒன்று இருக்கிறது. ஒயரைப் பிடித்துத் தள்ளாதீர்கள், பிளாஸ்டிக் தலையின் மேல் விரல் இருக்கட்டும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் இறக்கப் பார்க்காமல், இறுக்கமான எவர்சில்வர் டப்பாவை மூடும்போது இந்தப் பக்கம் ஒரு அழுத்து, அந்தப் பக்கம் ஒரு அழுத்து என்று இறக்குவோமே, அதுமாதிரி நீளவாக்கில் மேல் முனை, கீழ் முனை என்று மாறி மாறி அமுக்குங்கள். ரொம்ப ஆட்ட வேண்டாம், ஒரு மயிரிழை போதும். அகலவாக்கில் ஆட்டவே கூடாது, பின் வளையும். கடைசியில் கொக்கி மேட்டைத் தாண்டி உட்காரும்போது டக் என்று கேட்கும். தலைக்கு மேல் ஓடும் ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் கண்ணால் பாருங்கள்: கொக்கியின் நுனி மேட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், இரண்டு முனையிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். கொக்கியைத் தொடாமல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

இன்னொரு வகை இறுக்கம் உண்டு, அது கேபிளின் நீளம். எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் கீழே இருக்கும், கேபிள் பின்பக்கத் தகட்டைச் சுற்றி வரும். வரும் வழியில் விறைத்துக்கொண்டு நின்றால் தலை கோணலாகத்தான் சாக்கெட்டை நெருங்கும், கோணலாக நெருங்கியதை எத்தனை அமுக்கினாலும் போகாது. அதனால் செருகுவதற்கு முன்பே ஒரு சாண் அளவு கேபிளை முன்பக்கம் தாராளமாக இழுத்து விட்டுக்கொண்டு, செருகிய பிறகு மிச்சத்தைப் பின்னால் தள்ளுங்கள். டேக் போட்டு இறுக்கிக் கட்டுவதெல்லாம் எல்லாம் ஓடிய பிறகு.

நீளப் பிரச்சினையில் பெரிய தலைவலி பிராசசருக்கான 8 பின் கேபிள். அதன் சாக்கெட் போர்டின் இடது மேல் மூலையில், பிராசசரைக் குளிர்விக்கும் கூலருக்கும் கேபினட்டின் கூரைக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். கூலரும் மேல் ஃபேனும் மாட்டிவிட்டால் அந்த இடுக்கில் சின்னக் குழந்தையின் கைதான் போகும். போர்டை ஸ்க்ரூ போடுவதற்கு முன்பே இந்தக் கேபிளை மேல் ஓட்டை வழியாக எடுத்து வைத்துவிடுங்கள், கூலருக்கு முன்பே செருகியும் விடுங்கள். கேபிள் எட்டவே இல்லை என்றால் இழுத்துக் கட்டிச் சமாளிக்காமல் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குவதுதான் புத்தி.

இங்கேதான் அந்தக் கெட்ட இறுக்கமும் வரும். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளும் 8 பின்தான், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிராசசர் கேபிள் 4+4 என்று பிரியும், கிராபிக்ஸ் கேபிள் 6+2 என்று பிரியும், தலையிலேயே எழுதியும் இருக்கும். பிராசசர் கேபிளில் 12 வோல்ட் வரும் வரிசையில் கிராபிக்ஸ் கேபிளில் கிரவுண்ட் வரும். அதனால்தான் ஓட்டை வடிவத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். வடிவம் தடுப்பதைக் கை பலத்தால் ஜெயித்தால் நேராக ஷார்ட் சர்க்யூட்.

கேபிளை அந்தப் பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்பனிடம் இருக்கும் பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் உங்களுடையதில் அழகாகப் போய் உட்காரலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். ஹார்ட் டிஸ்க் புகைந்த பிறகுதான் தெரியும். பெட்டியில் வந்த கேபிள் மட்டும், வேறெதுவும் வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டில் செருகும்போது கார்டை அடியிலிருந்து தாங்குங்கள், இல்லையென்றால் பலம் முழுவதும் ஸ்லாட்டில் இறங்கும். புது கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் தனி ரகம். 2022 அக்டோபரில் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்த கொஞ்ச நாளிலேயே இந்த கனெக்டர் உருகிய படங்கள் சுற்ற ஆரம்பித்தன. முழுவதும் செருகாததுதான் பொதுவான காரணம் என்றது என்விடியா, வடிவமைப்பே சரியில்லை என்று இன்றும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். யார் சொல்வது சரியோ, நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடைவெளியே தெரியாத வரை அமுக்குங்கள், தலையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை ஒயரை மடக்காதீர்கள். கேபினட்டின் கண்ணாடிக் கதவு அந்த ஒயரை நெருக்குகிறதா என்றும் பாருங்கள். 2023-ல் வந்த திருத்திய வடிவத்தில் நாலு சின்னப் பின்களைக் குட்டையாக்கியதால், சரியாக உட்காராவிட்டால் கார்டு பவர் எடுக்காது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளுக்கு பலமே வேண்டாம், எல் வடிவத்தைப் பார்த்துச் செருகினால் போதும், அமுக்கினால் உடைவது டிஸ்க்கின் பிளாஸ்டிக்தான். முன்பக்க யூஎஸ்பி 3 கேபிள் பவர் கேபிள் இல்லை என்றாலும் இறுக்கத்தில் அதற்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. அதன் பின்கள் ஊசி மாதிரி, கோணலாகப் போனால் மடங்கிவிடும். அதை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள்.

ஆன் செய்கிறீர்கள். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், ராமைக் கழற்றுவதற்கு முன் அந்த இடது மூலை 8 பின்னைப் பாருங்கள். எதுவுமே அசையவில்லை என்றால் 24 பின்னையும் பவர் பட்டன் ஒயரையும் பாருங்கள். கழற்ற வேண்டி வந்தால் பிளக்கை உருவிவிட்டு, போர்டில் லைட் எரிந்தால் அது அணையும் வரை காத்திருந்து, கொக்கியின் மேல் பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே தலையைப் பிடித்து நேராக இழுங்கள். திடீரென்று விடுபட்டு வரும், அந்த வேகத்தில் கை பின்னால் போய் ஹீட்சிங்க்கில் இடிக்கும், விரல் முட்டியில் தோல் உரியும். எனக்கு இரண்டு தடவை உரிந்திருக்கிறது.