பேட்டர்ன் வாங்குவது, விற்பது: புதிதாக வருகிறவர்களுக்குப் படிப்படியாக

"அக்கா, அந்த யானைக்குட்டி பேட்டர்ன் நான் எழுதினதுங்க. உங்களுக்கு அதை யார் கொடுத்தாங்க?"

கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் இன்ஸ்டாகிராமில் எனக்கு அனுப்பிய செய்தி இது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் ஒரு டெலிகிராம் குழுவில் 99 ரூபாய் கொடுத்து "800 குரோஷே பேட்டர்ன், மறுவிற்பனை உரிமையோடு" என்ற ஒரு தொகுப்பை வாங்கியிருந்தேன். குரோஷே என்பது ஹூக் என்ற கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது, பேட்டர்ன் என்பது ஒன்றை எப்படிச் செய்வது என்று எழுதிய விளக்கமோ வரைபடமோ. அதில் இருந்த யானைக்குட்டி பொம்மையைப் பின்னிப் பார்த்து, நன்றாக வந்ததும், மேற்கு மாம்பலத்தில் என்னிடம் பின்னல் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், அவர்களுடைய தோழிகள் என்று பதினோரு பேருக்குத் தலா 50 ரூபாய்க்கு அந்த பிடிஎஃபை விற்றேன். திருடுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காசு கொடுத்து வாங்கியது, விற்கலாம் என்று எழுதியும் இருந்தது.

அவர் தன் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு ரவுண்டிலும் எத்தனை ஸ்டிட்ச் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஓரத்தில் "தும்பிக்கை இன்னும் வளையணும்" என்று குறித்து வைத்த பக்கங்கள். அந்தத் தும்பிக்கைக்காக மட்டும் ஏழு தடவை பிரித்துப் பின்னியிருக்கிறார். அன்றைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். குரோஷே, ஆரி ஒர்க், மெஷின் எம்ப்ராய்டரி, பிளவுஸ் கட்டிங் எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

படி 1: நாம் வாங்குவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய பின்னல் புத்தகம் ஒன்றை வாங்கி, பின்னி முடித்து, அடுத்தவருக்கு விற்கலாம். அதில் தப்பே இல்லை, ஏனென்றால் அந்த ஒரு பிரதிதான் கை மாறுகிறது. அதையே ஜெராக்ஸ் எடுத்து விற்றால் தப்பு. பிடிஎஃப் விஷயத்தில் "அனுப்புவது" என்றாலே ஜெராக்ஸ் எடுப்பதுதான். உங்கள் போனிலும் ஒன்று இருக்கும், அவர் போனிலும் ஒன்று இருக்கும். அதனால் 200 ரூபாய் கொடுத்து ஒரு பிடிஎஃப் வாங்கினால், அதைப் பார்த்துப் பின்னுவதற்கான அனுமதியை வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய விளக்கமும் வரைந்த படமும் உருவான உடனேயே அதைச் செய்தவருக்கு உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது தொடரும். "அவங்க பதிவே பண்ணலையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. அன்னம், மயில், மாங்காய், ருத்ராட்சம், கோபுரக் கரை, சிக்குக் கோலம் எல்லாம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. "மாங்காய் டிசைன் என்னுடையது" என்று யாராவது சண்டைக்கு வந்தால் நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மாங்காயை ஒருவர் தன் கையால் பட்டர் பேப்பரில் வரைந்து, உள்ளே எங்கே ஜரிகை, எங்கே மணி என்று முடிவு செய்து, ஊசியால் துளை போட்டு வைத்திருக்கிறாரே, அந்த வரைபடம் அவருடையது. பாரிமுனைக்கு மணி, ஜரிகை வாங்கப் போகும்போது நானே இந்த வாதத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன், இரண்டு தரப்பும் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் பேசும்.

படி 2: வாங்கும் முன் நிதானமாகப் பாருங்கள்

முதலில் விலை. 800 பேட்டர்ன் 99 ரூபாய் என்றால் ஒன்று சுமார் 12 காசு. ஒரு பொம்மைக்கு ஏழு தடவை பிரித்துப் பின்னிய யாரும் 12 காசுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

அடுத்தது படம். இப்போது செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய பொம்மைப் படங்களைக் காட்டி பேட்டர்ன் விற்கிறார்கள். பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டிட்ச் வரிசையாகப் போகாமல் உருகினது மாதிரி இருந்தாலோ, முன்பக்கப் படம் மட்டும் இருந்து பின்பக்கம், அடிப்பக்கம் எதுவும் இல்லாவிட்டாலோ ஒதுங்கிவிடுங்கள். பேட்டர்னைப் பின்னிப் பார்த்த வேறு ஒருவருடைய படம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கேளுங்கள். உண்மையாக எழுதினவர் சந்தோஷமாக அனுப்புவார்.

அப்புறம், பாதிச் சண்டைக்குக் காரணமான மூன்று விஷயங்களை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். குரோஷே என்றால் அமெரிக்கச் சொல்லா, பிரிட்டிஷ் சொல்லா? அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். பிரிட்டிஷ் பேட்டர்னை அமெரிக்கச் சொல்லாக எடுத்துப் படித்தால் ஒவ்வொரு வரிசையும் உயரமாகிவிடும், போர்வை நீளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். மெஷின் எம்ப்ராய்டரி என்றால் உங்கள் மெஷின் எந்த ஃபைலை எடுக்கும் என்று பாருங்கள். பிரதர் என்றால் பிஇஎஸ், ஜனோம் என்றால் ஜெஇஎஃப், தஜிமா வகை பெரிய மெஷின் என்றால் டிஎஸ்டி. கூடவே துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டமான ஹூப்பின் அளவு, நான்குக்கு நான்கு அங்குல ஹூப்பில் பெரிய டிசைன் ஏறாது. பிளவுஸ் பேட்டர்ன் என்றால் அளவு சரிபார்க்கும் சதுரம், அதாவது பக்கம் இத்தனை என்று அளவு எழுதி வரைந்த கட்டம், இருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்ட் கடையில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று அடித்துவிட்டால் அளவு சுருங்கிவிடும். 100 சதவீதம் என்று சொல்லி அடிக்கச் சொல்லி, அந்தச் சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்த பிறகே துணியை வெட்டுங்கள்.

படி 3: ஆதாரத்தை அன்றைக்கே எடுத்து வையுங்கள்

விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய யுபிஐயின் 12 இலக்க எண், அவர் சொன்ன வாக்கு, வந்த ஃபைல், இந்த நான்கையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். விற்கிறவர் பக்கத்தை மாற்றிவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

படி 4: மறுபடி விற்க வேண்டுமா? எழுதினவரிடமே கேளுங்கள்

"மறுவிற்பனை உரிமை உண்டு" என்று இடையில் இருப்பவர் சொன்னால் போதாது. அந்த உரிமை அவருக்கே யார் கொடுத்தது என்று கேளுங்கள். இல்லாத உரிமையை யாராலும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. என் கதையில் நடந்தது இதுதான்.

உரிமையாளர் தரும் உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் தெளிவாகக் கேளுங்கள். நான் இப்போது அனுப்புகிற செய்தி இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் யானைக்குட்டி பேட்டர்னை வாங்கியிருக்கிறேன். இதைத் தமிழில் எழுதி, உங்கள் பெயரோடு, சென்னையில் என் வகுப்பு மாணவிகளுக்கு விற்க ஆசை. ஒரு பிரதிக்கு உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்? எத்தனை வருடத்துக்கு? பிடிஎஃபாகவா, அச்சாகவா? பின்னிய பொம்மையை விற்கலாமா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பேட்டர்னை விற்பது வேறு, அதைப் பார்த்துச் செய்த பொருளை விற்பது வேறு. தன் பெயரைப் போட்டுப் பொருளை விற்கலாம் என்று பேட்டர்ன் எழுதினவர்களில் பலர் சொல்வார்கள், சிலர் விற்க வேண்டாம் என்பார்கள். மொழிபெயர்ப்பதற்கும் அனுமதி வேண்டும். தமிழில் எழுதிவிட்டதால் அது நம்முடையது ஆகிவிடாது. பதில் வராவிட்டால் அது சம்மதம் இல்லை.

படி 5: வாங்கினது சரியில்லையா?

முதலில் நம் பக்கத்தைப் பாருங்கள். மேலே சொன்ன சொல் குழப்பம், பிரிண்ட் அளவு, ஃபைல் வகை, ஹூக்கின் மில்லிமீட்டர் அளவு, நூலின் தடிமன் எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தப்பு இருந்தால் விற்றவருக்குத் தனியாக எழுதுங்கள். "மோசம், ஏமாத்திட்டீங்க" என்று எழுதினால் பதிலும் அதே சூட்டில்தான் வரும். "14ஆம் ரவுண்டில் 36 ஸ்டிட்ச் என்று இருக்கிறது, எனக்கு 42 வருகிறது, படம் இணைத்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். பாதிப் பேர் அன்றைக்கே திருத்திய ஃபைலை அனுப்பிவிடுவார்கள்.

"டிஜிட்டல் பொருள், பணம் திரும்பக் கிடையாது" என்று எழுதி வைத்திருந்தாலும், சொன்னதற்கு மாறான பொருளுக்கு அது பொருந்தாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் டிஜிட்டல் பொருள்களையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததற்குப் பணத்தைத் திருப்ப மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் 1915 இல்லை, 1930. அது சைபர் மோசடிக்கான எண், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். மறுபடி விற்பதற்காக வாங்கினவர் சட்டத்தின் கண்ணில் பொதுவாக நுகர்வோர் இல்லை. வாங்கினதைத் தானே பயன்படுத்திச் சொந்தப் பிழைப்புக்காகத் தொழில் செய்கிறவருக்கு விலக்கு இருக்கிறது, அதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். எதற்காக வாங்கினீர்கள் என்பதில் பொய் சொல்லாதீர்கள்.

படி 6: உங்கள் பேட்டர்னை யாரோ விற்கிறார்களா?

கோபம் வரும், வரட்டும். ஆனால் குழுவில் அவர் பெயரையும் போன் நம்பரையும் போட்டு "திருடி" என்று எழுதாதீர்கள். அவரும் என்னைப் போல ஏமாந்தவராக இருக்கலாம், அப்படி இருந்தால் உங்களுக்கு உதவக்கூடிய முதல் ஆளே அவர்தான். நோட்டுப் பக்கம், தேதியோடு உள்ள படங்கள், முதலில் விற்ற பதிவு இவற்றைச் சேர்த்துத் தனியாகக் கேளுங்கள். மறுத்தால் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி, முறையான புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அதைத் தடுக்க வேண்டும். அந்தத் தடை 21 நாள், அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம் என்பதால், அந்த நாட்களை வீணாக்க வேண்டாம்.

படி 7: தப்பு நம்முடையது என்றால்

விற்பதை அன்றைக்கே நிறுத்துங்கள். எங்கே வாங்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வாங்கினவர்களுக்குப் பணத்தைத் திருப்பி, காரணத்தையும் எழுதுங்கள். நான் 550 ரூபாயைத் திருப்பினேன். அதோடு யானைக்குட்டிக்கு அவர் வைத்திருந்த 180 ரூபாயைக் கொடுத்து ஒரு பிரதியை முறையாக வாங்கினேன், டெலிகிராம் குழுவின் விவரத்தையும் அவரிடம் கொடுத்தேன். ஒன்பது பேர் ஃபைலை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. பதினோராவது பெண், வேளச்சேரியில் இருப்பவர், "அக்கா, என் பொண்ணுக்குப் பாதி பொம்மை பின்னிட்டேன், காது மட்டும்தான் பாக்கி, இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கோயம்புத்தூருக்கே கேட்டு எழுதினேன். "பின்னி முடிக்கட்டுங்க. ஃபைலை மட்டும் யாருக்கும் கொடுத்துட வேண்டாம்னு சொல்லிருங்க. காதுல ஆறாவது ரவுண்ட்ல ஒரு தப்பு இருக்கு, சரி பண்ணினதை அனுப்பறேன், அதையும் அவங்களுக்குக் கொடுத்துருங்க" என்று பதில் வந்தது.