வோல்டேஜ் எங்கே, கரண்ட் எங்கே? 9 வோல்ட் பேட்டரியில் அளந்து பார்ப்போம்

"வயரில் வோல்டேஜ் ஓடுது" என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். ஓடுவது கரண்ட். வோல்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஏற்றத்தாழ்வு, மொட்டை மாடித் தொட்டியின் உயரம் மாதிரி. குழாயை மூடினாலும் உயரம் போய்விடாது, தண்ணீர்தான் நிற்கும்.

வேண்டியவை: புதிய 9 வோல்ட் பேட்டரி, இரண்டு 1.5 வோல்ட் செல், டிஜிட்டல் மல்டிமீட்டர், நாலைந்து முதலை கிளிப் வயர், கரண்டைத் தடுக்கும் கால் வாட் ரெசிஸ்டர்கள் (அந்தத் தடையின், அதாவது மின்தடையின், அளவு ஓம்): 470 ஓம், 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம். வீட்டு 230 வோல்ட் பிளக்கில் இதைச் செய்யவே கூடாது.

படி 1: வோல்டேஜ்
மீட்டரின் கறுப்பு ப்ரோபை (தொட்டு அளக்கும் முனையுள்ள வயர்) காம் (COM) துளையிலும் சிவப்பை வோல்ட் துளையிலும் செருகி, திருகியை டிசி (நேர் மின்சாரம்) 20 வோல்ட்டில் வையுங்கள். பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் 9.5 வாக்கில் காட்டும். மைனஸ் குறி வந்தால் ப்ரோப் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மீட்டருக்குள் போகும் சில மைக்ரோ ஆம்பியரைத் தவிர இப்போது கரண்டே இல்லை. வோல்டேஜ் மட்டும் இருக்கிறது.

படி 2: கரண்ட்
இதற்கு மீட்டர் சுற்றின் நடுவே உட்கார வேண்டும். திருகி டிசி 200 மில்லி ஆம்பியருக்கு. மில்லி ஆம்பியருக்குத் தனித் துளை இருந்தால் சிவப்பை அங்கே மாற்றுங்கள். பேட்டரி பிளஸ்ஸில் சிவப்பு ப்ரோப், கறுப்பு ப்ரோபிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுகால் பேட்டரி மைனஸில். சுமார் 9.5 மில்லி ஆம்பியர் வரும். 2.2 கிலோ ஓம் போட்டால் 4.3 ஆகக் குறையும், 470 ஓமுக்கு 20 ஆக ஏறும். 20 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் வைத்திருந்தால் இங்கே இடது ஓரத்தில் வெறும் '1' நிற்கலாம், அளவு மீறிவிட்டது என்று பொருள். ரெசிஸ்டரும் லேசாகச் சூடாகும். 100 ஓம் போட ஆசைப்படாதீர்கள்: கால் வாட் தாங்கும் பொருளில் 0.9 வாட் இறங்கும், கருகும்.

படி 3: வோல்டேஜை மாற்றுங்கள்
1 கிலோ ஓமை அப்படியே வைத்து, தொடராக இணைத்த இரண்டு செல்லைக் கொடுங்கள். 3 வோல்ட்டுக்குக் கரண்டும் 3 மில்லி ஆம்பியர்தான். வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் கரண்ட். ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதுதான்.

எல்லோரும் செய்யும் தவறு
கரண்ட் ரேஞ்சை மாற்ற மறந்து, ப்ரோபை நேராகப் பேட்டரி முனைகளில் வைப்பது. அந்த ரேஞ்சில் மீட்டரின் மின்தடை மிகக் குறைவு, கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். உள்ளே ஃபியூஸ் போய்விடும். பிறகு வோல்டேஜ் சரியாகக் காட்டும், கரண்ட் மட்டும் எப்போதும் 0. மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மூடியைக் கழற்றி, அதே அளவு ஃபியூஸை மாற்றினால் போதும்.

பழைய பேட்டரி தனியாக அளந்தால் 8.5 காட்டும், ஆனால் சாதனத்தை ஓட்டாது. 470 ஓமை இணைத்தபடியே முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். 6க்கு இறங்கினால் அதன் உள்மின்தடை (பேட்டரிக்குள்ளேயே உள்ள மின்தடை) ஏறிவிட்டது, மாற்றிவிடுங்கள்.